காத்து ஜாக்கி மக்கர் பண்ணா எங்க பாக்கணும்: அறிகுறிய வச்சு கோளாறு கண்டுபிடிக்கிற வழி

கம்ப்ரசர் காத்துல வேல செய்ற ஜாக்கி நம்ம ஒர்க்‌ஷாப்புகள்ல ரெண்டு ரகம் தான் அதிகமா பாக்குறோம். ஒண்ணு பலூன் ஜாக்கி, ரப்பர் பை ரெண்டோ மூணோ அடுக்கா இருக்கும், ஹேண்டில்ல இருக்குற வால்வ திருப்புனா புஸ்ஸுனு சில செகண்டுல காரத் தூக்கிரும். இன்னொண்ணு ஏர் ஹைட்ராலிக், பாக்க பாட்டில் ஜாக்கி மாதிரியே இருக்கும், ஆனா பக்கத்துல ஒரு குட்டி ஏர் மோட்டார் படபடனு அடிச்சு ஆயில தள்ளும், இது லாரி பஸ்ஸுக்கு. ரெண்டுலயும் வர்ற கம்ப்ளைண்ட் பெரும்பாலும் ஜாக்கிக்குள்ள இருக்காதுங்க, காத்து வர்ற வழியில இருக்கும் இல்லன்னா ஜாக்கி வச்ச எடத்துல இருக்கும். அதனால எடுத்த எடுப்புல ஸ்பேனர எடுத்து பிரிச்சுப் போட்டுறாதீங்க.

இன்னொண்ணு முதல்லயே சொல்லிடுறேன். வண்டி மேல நிக்கும்போது கோளாறு தெரிஞ்சா அந்த ஜாக்கிய தொடவே தொடாதீங்க, ஹோஸ ஜாக்கியில மாட்டுற கப்ளர் லேசா கசியுதேன்னு கை வச்சு திருகிப் பாக்குற வேலையெல்லாம் வேணாம். எல்லாரும் வெளிய வாங்க, கழட்டுன வீல இல்ல நல்ல கட்டைய ஓரமா நின்னுக்கிட்டே வண்டிக்கு அடியில தள்ளிவிடுங்க, வேற ஒரு ஜாக்கி வச்சு லோட அதுக்கு மாத்துங்க, அப்புறம் கோளாறான ஜாக்கிய உருவி தனியா எடுத்து வச்சு பாருங்க. கீழ சொல்றது எல்லாமே லோடு இல்லாத ஜாக்கியில பாக்குறதுக்குத் தான், லோடோட பண்ண வேண்டியது எதாவது இருந்தா அங்கங்க சொல்றேன்.

பலூன் ஜாக்கி: வால்வ தொறந்தா சத்தம் மட்டும் வருது, தூக்கல

எல்லாரும் மொதல்ல "லோடு ஜாஸ்தி போல" னு தான் சொல்றாங்க. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. பையோட விட்டம் 28 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா பரப்பு 615 சதுர சென்டிமீட்டர் வரும். ஸ்விஃப்ட் மாதிரி கார் சுமாரா 900 கிலோ, ஒரு பக்கம் மட்டும் தூக்குறோம்னா 450 கிலோ. 450-அ 615-ஆல வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோ கூட வரல, பவுண்டுல சொன்னா பத்து பதினொண்ணு, அதாவது அந்தக் கார் டயர்ல இருக்குற காத்துல மூணுல ஒரு பங்கு. இன்னோவா கிரிஸ்டா 1,800 கிலோ கிட்ட, அதுக்கே ஒரு பக்கத்துக்கு 21 பவுண்டு போதும். பை மேல ஏற ஏற பக்கவாட்டுல குறுகி தட்ட அழுத்துற பரப்பு கொறையும், அதனால உச்சியில இதப் போல ரெண்டு மடங்கு கேக்கும்னே வச்சுக்குங்க, அப்பவும் 45 பவுண்டத் தாண்டாது. ஜாக்கி மேல 5 முதல் 8 பார் (சுமாரா 70-லருந்து 115 பவுண்டு) வேணும்னு எழுதியிருக்கறது 3 டன் லோட மேல வரைக்கும் தூக்குறதுக்கு. ஆக கம்ப்ரசர் கேஜு 100 பவுண்டு காட்டுது, கார் அசையவே மாட்டேங்குதுன்னா லோடு காரணமே இல்ல, அந்த 100 பவுண்டு பைக்கு வந்து சேரல.

எங்க நிக்குதுன்னு வரிசையா பாருங்க. கப்ளர் முழுசா உள்ள போய் 'டக்'னு உக்காந்துச்சா, பாதி உக்காந்தா வெளிய மாட்டுன மாதிரியே தெரியும் ஆனா உள்ள இருக்குற ஊசி தொறக்காது. ஹோஸ் வண்டி டயருக்கு அடியில மாட்டியிருக்கா, மடிஞ்சிருக்கா. ஜாக்கியோட காத்து நுழையுற நிப்பிள்ல சில மாடல்ல சின்ன சல்லடை இருக்கும், அது துருப்பொடியால அடைச்சிருக்கா. இறக்குற வால்வு முழுசா மூடாம இருந்தா ஒரு பக்கம் ஏத்துறது இன்னொரு பக்கம் போயிட்டே இருக்கும், அந்த சத்தத்தத் தான் நாம "காத்து ஏறுது" னு நெனச்சுக்கிட்டு நிப்போம்.

டயருக்குக் காத்தடிக்கிற 12 வோல்ட் குட்டி பம்ப மாட்டிட்டு ஏறலன்னு சொல்றவங்களும் இருக்காங்க. 28 சென்டிமீட்டர் பை கால் மீட்டர் ஏற 15 லிட்டருக்கு மேல எடம் ரொம்பணும், அதுவும் அழுத்துன காத்தால. டேங்க் இருந்தா சில செகண்டு, குட்டி பம்புல நிமிஷக்கணக்கா இழுக்கும், நடுவுல ஊசி முனை லீக் ஒண்ணு இருந்தா ஏறவே ஏறாது.

ஏறுது, ஆனா மெதுவா

ஹோஸ் சன்னமா இருக்கும் இல்லன்னா ரொம்ப நீளமா இருக்கும், சுருள் ஹோஸ்ல இது சகஜம். டேங்க்ல தண்ணி நெறஞ்சு காத்துக்கு எடமே இல்லாமயும் இருக்கலாம், டேங்குக்கு அடியில தண்ணி வெளியேத்த இருக்குற குட்டிக் குழாய தொறந்து விடுங்க, கடலோர ஊர்கள்ல மழைக்காலத்துல காப்பித்தண்ணி கலர்ல எவ்ளோ வருதுன்னு பாத்தா நீங்களே ஆச்சரியப்படுவீங்க. தெனமும் சாயங்காலம் தொறந்து விடுறது தான் இதுக்கு வழி.

இங்க ஒரு விஷயம். இம்பாக்ட் கன்னுக்கு ஆயில் கலந்து விடுற லைன்ல பலூன் ஜாக்கிய மாட்டாதீங்க. கன்னுக்கு அந்த ஆயில் நல்லது, ரப்பர் பைக்கு அது விஷம், உள்ள போய் தங்கி ரப்பர ஊற வச்சு மெத்துனு ஆக்கிரும். ஏர் ஹைட்ராலிக்குக்கு நேர் எதிர், அதோட மோட்டாருக்கு ஆயில் வேணும். ஒரே லைன்ல ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டுற கடைன்னா காத்துல ஆயில் கலக்குற டப்பாவுக்கு முன்னாடி ஒரு T வடிவ இணைப்பு போட்டு தனி பாயிண்ட் எடுத்துருங்க.

தூக்கி நிக்குது, அப்புறம் எறங்குது

தூக்குன ஒடனே லேசா ஒரு அரை இஞ்சு எறங்கி அப்படியே நின்னுருச்சுன்னா பெரும்பாலும் லீக் இல்ல, ரப்பர் விரிஞ்சு குடுக்குறது, உள்ள போன காத்து சூடு ஆறுறது, அவ்ளோ தான். நிக்காம எறங்கிட்டே இருந்தா தான் லீக்.

ஷாம்பு கலந்த தண்ணிய பிரஷ்ல தொட்டு தடவுங்க, சோப்பு விட ஷாம்பு நல்லா நுரைக்கும். பைய வெறுமனே கொஞ்சம் ஏத்தி, முழு உயரத்துக்கு விடாம, பக்கத்துல நின்னு தடவணும், மூஞ்சிய கிட்ட கொண்டு போகாதீங்க. மொதல்ல வால்வு பாடியில ஹேண்டில் தண்டு உள்ள போற எடம், அங்க தான் ஓரிங் (குட்டி ரப்பர் வளையம்) தேஞ்சு கடுகு கடுகா நுரை கெளம்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு தண்ட சுத்தி மாலையா நிக்கும். அடுத்து சேஃப்டி வால்வு வாய். அடுத்து பைக்கும் பைக்கும் நடுவுல இருக்குற வளையம், மேல் தட்டு போல்ட்டு. ஹோஸ் மாட்டியிருக்குற வரைக்கும் நிக்குது, கழட்டுனா எறங்குதுன்னா காத்த திரும்பிப் போக விடாம தடுக்குற நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கல, அதுல தூசி உக்காந்திருக்கும், கழட்டி ஊதி சுத்தம் பண்ணா நெறைய நேரம் சரியாயிரும். வால்வு ஓரிங் எல்லாம் பத்து இருபது ரூபா சமாச்சாரம், தயங்காம மாத்துங்க.

நுரை பையோட உடம்புலயே வந்தா அந்தப் பை முடிஞ்சுது. பஞ்சர் கடையில சொல்யூஷன் போட்டு பேட்ச் ஒட்டிரலாமானு கேக்கறவங்களுக்கு, கூடாது. டியூப டயர் சுத்திப் பிடிச்சிருக்கும், இந்தப் பைய பிடிக்க வெளிய ஒண்ணுமே கெடையாது, பேட்ச் விட்டா ஒரே அடியா விடும். வெடிப்பு நூல் தெரியுற அளவுக்கு ஆழமா இருந்தாலும் அதே தீர்ப்பு தான். வெயில்ல போட்டு வைக்கிறது, டீசல் பட்ட தரையில இழுக்கறது, இந்த ரெண்டும் தான் பைய சீக்கிரம் கொல்லுது.

லீக்கே இல்லாத புது ஜாக்கியா இருந்தாலும் அது தூக்குறதுக்கு மட்டும் தான், தாங்குறதுக்கு இல்ல. வீல் கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்டாண்டு வச்சே ஆகணும். ஸ்டாண்டு மேல உக்கார வைக்கும்போது காத்த கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, வெய்ட்டு ஸ்டாண்டுக்குப் போனதும் பைய தொட்டும் தொடாம இருக்குற அளவுக்கு எறக்கி விட்டுருங்க. முழு அழுத்தத்துல பைய அடியில விட்டு வச்சா மேல யாராவது இன்ஜின எறக்குனாங்கன்னா வெய்ட்டு கொறைஞ்ச நேரத்துல பை வண்டிய மேல தள்ளி ஸ்டாண்ட விட்டு கெளப்பிரும். அழுத்துன காத்து ஸ்பிரிங் மாதிரி, ஆயில் அப்படி இல்ல, இந்த வித்தியாசம் மனசுல இருந்தா பாதி ஆபத்து தானா போயிரும்.

ஏறும்போது ஒரு பக்கமா சாயுது, ஆடுது

எனக்கு எல்லாத்தையும் விட இது தான் பயம். ஒரு விரல் அளவு சாஞ்சாலும் மேல தூக்காதீங்க, எறக்கிட்டு திரும்ப வைங்க. பை மேல நோக்கி தான் தள்ளும், பக்கவாட்டு தள்ளல தாங்க அதுக்குள்ள இருக்குற கைடு குழாயத் தவிர ஒண்ணும் கெடையாது.

மொதல் காரணம் தரை. மண்ணு, செங்கல் ஜல்லி, வெயில்ல இளகுன தார் ரோடு, இதெல்லாம் ஒரு பக்கமா அமுங்கும், கனமான பலகை போட்டு வைங்க. ரெண்டாவது, ஒரு பக்கம் தூக்கும்போது வண்டி நேரா மேல போறதில்ல, எதிர்ப்பக்க டயர மையமா வச்சு வளைவா போகும், அதனால ஜாக்கியும் கூடவே கொஞ்சம் நகரணும், அடியில வீல் இருக்குற மாடல்னா அந்த வீல் உருள்ற வழியில கல்லு மண்ணு இருக்கக் கூடாது. மூணாவது, தூக்குற எடம். காருக்கு கதவுக்குக் கீழ இருக்குற தகடு விளிம்புல கம்பெனியே ரெண்டு வெட்டு போட்டு வச்சிருப்பான், அந்த ரெண்டு வெட்டுக்கு நடுவுல தான், அதுவும் காடி போட்ட ரப்பர் கட்டை வச்சு. பலூன் ஜாக்கியோட தட்டு அகலமா இருக்கறதால வெறுமனே வச்சா பிளாஸ்டிக் ஸ்கர்ட்ட நொறுக்கிரும். கிரிஸ்டா, பொலிரோ மாதிரி சேஸ் வண்டிக்கு சேஸுல வைங்க. எலெக்ட்ரிக் கார்ல நடு வயிறு முழுக்க பேட்டரி, அங்க வைக்கவே கூடாது.

நாலாவது காரணம் வண்டி உருள்றது. "கியர்ல போட்டுருக்கேன்ல, எங்க போகப் போகுது" ம்பாங்க. கியர் எந்த வீல ஓட்டுதோ அந்த ஜோடியில ஒண்ண தரைய விட்டுத் தூக்கிட்டா கியர் பிடி போச்சு, ஏன்னா டிஃபரன்ஷியல் இருக்குறதால தூக்குன வீல் சும்மா சுத்திக்கும், தரையில இருக்குற வீல் உருண்டுக்கும். முன்வீல் ஓட்டுற கார்ல முன்பக்கம் தூக்குனா ஹேண்ட் பிரேக் ஒண்ணு தான் காப்பு, பின்பக்கம் ரெண்டு வீலும் தூக்குனா ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத கணக்கு. அதனால தரையில நிக்கிற வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை. ஒரு பக்கம் மட்டும் கல்லு வச்சுட்டு வர்றது பழக்கமா இருக்கு, அது போதாது. வீல் நட்டையும் தரையில இருக்கும்போதே இளக்கிருங்க, பை மேல நிக்கிற வண்டியில ஸ்பேனர ஏறி மிதிக்கிறது வம்ப விலைக்கு வாங்குறது.

சேஃப்டி வால்வு சீறுது

லைன் அழுத்தம் ஜாஸ்தி, ரெகுலேட்டர கொறைங்க. இல்லன்னா பை உச்சிக்குப் போனதுக்கு அப்புறமும் வால்வ விடாம பிடிச்சுட்டு இருக்கீங்க. சீறுதுன்னு அத முறுக்கி அடைச்சு வைக்கிற ஆளையும் பாத்திருக்கேன், அந்தக் கடைப் பக்கம் போகாதீங்க.

ஸ்டாண்டு பல்லு நழுவுது

ஜாக்கி கோளாறு இல்ல தான், ஆனா ஜாக்கி எறங்கும்போது உயிர பிடிக்கிறது இது. ஸ்டாண்டோட நாக்கு பல்லுக்குள்ள முழுசா உக்காந்துச்சான்னு லீவர கையால அமுக்கிப் பாருங்க, லோடு ஏறுனதும் வெளிய இருந்து காலால லேசா தட்டிப் பாருங்க. 2020-ல அமெரிக்காவுல ஹார்பர் ஃப்ரைட் கம்பெனி தன்னோட பிட்ஸ்பர்க் பிராண்டு 3 டன், 6 டன் ஸ்டாண்டுகள 17 லட்சம் கிட்ட திரும்பக் கேட்டுச்சு, தயாரிக்கிற அச்சு தேஞ்சு போனதால பல்லும் நாக்கும் சரியா கவ்வலன்னு. அதுக்கு மாத்தா குடுத்த 3 டன் ஸ்டாண்டுலயும் சிலதுல வெல்டிங் சரியில்லன்னு அதையும் அதே வருஷம் திரும்ப வாங்குனாங்க. பல்லு ஸ்டாண்ட விட துளையில கம்பி சொருகுற ஸ்டாண்டு எனக்கு நம்பிக்கை, தேயுறதுக்கு அதுல எதுவும் இல்ல. கம்பிய மட்டும் ஒரிஜினலா வைங்க, போல்ட்ட சொருகாதீங்க.

ஏர் ஹைட்ராலிக்: கையால அடிச்சா தூக்குது, காத்துல தூக்கல

கைப்பிடியும் இருக்குற மாடல்னா இது ரொம்ப நல்ல டெஸ்ட். கையில தூக்குனா ஆயில் பக்கம் மொத்தமும் நல்லா இருக்கு, கோளாறு ஏர் மோட்டார்ல. கையிலயும் தூக்கலன்னா மோட்டார தொட வேண்டாம், அடுத்த தலைப்புக்குப் போங்க.

மோட்டார் அடிக்காம புஸ்ஸுனு மட்டும் ஊதுனாலோ ரெண்டு தட்டு தட்டி நின்னாலோ உள்ள தண்ணி போய் துரு பிடிச்சு பிஸ்டன் ஒட்டிருக்கும். காத்து நுழையுற வாயில ஏர் டூல் ஆயில் பத்து பதினஞ்சு சொட்டு விட்டு கொஞ்ச நேரம் ஊற விட்டு, அழுத்தத்த சின்ன சின்னதா குடுத்து எடுங்க, பெரும்பாலும் பிடிச்சுக்கும். இந்த ஜாக்கிக்கு 90-லருந்து 120 பவுண்டு வரைக்கும் வேணும், அதுவும் அடிக்கும்போது. சும்மா நிக்கும்போது கேஜு 110 காட்டிட்டு, அடிக்க ஆரம்பிச்சதும் 60-க்கு விழுந்தா ஹோஸோ கம்ப்ரசரோ பத்தல.

மோட்டார் நல்லா அடிக்குது, ராம் (மேல ஏறுற தண்டு) ஏறல இல்ல பாதியில நின்னுருது

எறக்குறதுக்கு இருக்குற ரிலீஸ் வால்வு முழுசா மூடியிருக்கா. இது சிரிப்பா இருக்கும், ஆனா பாத்துருங்க. அடுத்து ஆயில், ராம முழுசா எறக்கி வச்சுட்டு தான் லெவல் பாக்கணும், ஏறி நிக்கும்போது பாத்து ஊத்துனா எறங்கும்போது ஆயில் வெளிய பீச்சும். பாதியில நிக்கிறதுக்கு ஆயில் கொறைவு தான் மொதல் சந்தேகம். ஆயில் இருந்தும் நொங்கு மாதிரி குலுங்கி குலுங்கி ஏறுனா உள்ள காத்து மாட்டியிருக்கு, ரிலீஸ் வால்வ தொறந்து வச்சு லோடு இல்லாம பம்ப கொஞ்ச நேரம் ஓட விட்டு, மூடிட்டு ஒரு தடவ முழுசா ஏத்தி எறக்குங்க.

அவசரத்துக்கு பிரேக் ஆயில ஊத்துறாங்க, தயவு செஞ்சு வேண்டாம். ஜாக்கி சீல் மினரல் ஆயிலுக்கு செஞ்சது, பிரேக் ஆயில் பட்டா ஊதிப் போய் கெட்டுரும், கொஞ்ச நாள்ல மொத்த சீலும் மாத்தணும். ஜாக்கி புத்தகத்துல போட்டுருக்குற கிரேடு, பொதுவா 32 நம்பர் ஹைட்ராலிக் ஆயில்.

ரெண்டு நிலை ஆக்சில் ஜாக்கியில ஒரு தனிக் குழப்பம். 50/25 னு எழுதியிருந்தா மொதல் நிலையில 50 டன், ரெண்டாவது சின்ன ராம் வெளிய வந்ததும் 25 தான். மொதல் நிலையில சுகமா தூக்கிட்டு ரெண்டாவதுல நின்னா லோடு ஜாஸ்தியானா ஆயில திருப்பி விடுற ரிலீஃப் வால்வு "போதும்" னு சொல்லுது, அடியில கட்டை குடுத்து மொதல் நிலையிலயே வேலைய முடிங்க. நம்ம நாட்டுல 2018-ல ஏத்துன அளவுப்படி நாலு டயர் ஆக்சிலுக்கு 11.5 டன் அனுமதி, அதனால சட்டப்படி லோடு இருந்தா ஒரு பக்கத்துக்கு ஆறு டன்னுக்குள்ள தான், 20 டன் ஜாக்கியே தாராளம். அதுலயே ரிலீஃப் வால்வு தொறக்குதுன்னா ஜாக்கிய விட லோடப் பத்தி யோசிக்கணும்.

தூக்கிட்டு மெல்ல எறங்குது

வெளிய ஆயில் சொட்டுனா ராம் சீல். வெளிய காஞ்சு இருந்தும் எறங்குனா உள்ளயே திரும்பிப் போகுது, ரிலீஸ் வால்வுக்கு அடியில இருக்குற குட்டி ஸ்டீல் பால் சரியா உக்காரல. லோடு இல்லாம, ராம் முழுசா எறங்குன நிலையில வால்வ கழட்டி காந்தத்தால பால எடுங்க, டார்ச் அடிச்சு சீட்ட பாருங்க: பால் உக்கார்ற எடத்துல முழு வட்டமா மெல்லிசா ஒரு மின்னுற கோடு இருக்கணும். அந்தக் கோடு எங்கயாவது விட்டுப் போயிருந்தா, இல்ல தூசி ஒண்ணு அழுந்தி புள்ளியா இருந்தா, அந்த வழியா தான் போகுது. சுத்தமா துடைச்சு பால திரும்ப போட்டு பித்தளைக் கம்பி வச்சு லேசா ஒரே ஒரு தட்டு, சீட்டு புதுசா பதிஞ்சுக்கும், தட்டுன பால எறிஞ்சுட்டு அதே அளவு புது பால் போடுங்க.

கசிவ விரலால தடவிப் பாக்காதீங்க. 5 சென்டிமீட்டர் ராம்ல 20 டன் நின்னா உள்ள சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோ, ஊசி ஓட்டையில வர்ற ஆயில் தோல ஓட்டையிட்டு உள்ள போயிரும், வெளிய சின்னப் புள்ளி தான் தெரியும், ஆனா அது ஒடனே ஆஸ்பத்திரி போய் ஆபரேஷன் பண்ற கேஸ். அட்டைய நீட்டிப் பாருங்க.

ஏர் எக்ஸாஸ்ட்ல ஆயில் தெறிக்குது

மோட்டாருக்கு நாம விட்ட ஏர் டூல் ஆயில் கொஞ்சம் புகையா வர்றது சரி. கை நனையுற அளவு வந்தா மோட்டாருக்கும் ஹைட்ராலிக் பம்புக்கும் நடுவுல இருக்குற சீல் போச்சு. சீல் கிட் வாங்கி மாத்துற வரைக்கும் லோடுக்கு எடுக்காதீங்க.

ஏர் சஸ்பென்ஷன் பஸ்: ஜாக்கி நல்லா இருக்கு, பாடி எறங்குது

சேஸ தூக்குனதும் ஆக்சில் தொங்கும், லெவலிங் வால்வு "பாடி ஒசந்துருச்சு" னு நெனச்சு பெல்லோஸ்ல (சஸ்பென்ஷன் காத்துப் பை) இருக்குற காத்த வெளிய விட்டுரும். அப்புறம் ஜாக்கி லேசா எறங்குனாலே பாடி டயர் மேல வந்து உக்காரும், நடுவுல தலையோ கையோ இருந்தா அவ்ளோ தான். சேஸுக்கு அடியில ஸ்டாண்டு இல்லாம வீல் ஆர்ச்சுக்குள்ள நுழையாதீங்க.

எறங்க மாட்டேங்குது

பலூன்ல இறக்குற வால்வு வாய் அடைப்பா இருக்கும், இல்ல கைடு குழாய் வளைஞ்சு மாட்டியிருக்கும். மொதல்ல வேற ஜாக்கிக்கு லோட மாத்தி இத தனியா எடுங்க, அப்புறம் சேஃப்டி வால்வோட வளையத்த தூரமா நின்னு கொக்கியால இழுத்து காத்த விட்டுருங்க. வண்டி மேல இருக்கும்போது கப்ளர் நிப்பிள திருகி காத்த விடலாம்னு யோசிக்காதீங்க, விட ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. ஹைட்ராலிக்ல ரிலீஸ் ஸ்குரூவ ஒரு சுத்துக்கு மேல தொறக்காதீங்க, முழுசா வெளிய வந்தா பாலும் ஆயிலும் சேந்து குண்டு மாதிரி வரும். ராம் வளைஞ்சிருந்தா தான் பொதுவா இப்படி மாட்டும், சுத்தியால அடிச்சு எறக்கறது பிரயோஜனம் இல்ல. பக்கத்துல இன்னொரு ஜாக்கி, ஒரு இஞ்சு தூக்கு, மாட்டுனத உருவு, ஸ்டாண்டு போடு, வளைஞ்சத பழைய இரும்புக்குப் போடு.